சுவரில் மாட்டப் போகிற எம்பிராய்டரி: எங்கே தவறுகிறோம்?

அக்கா பேத்தியின் முதல் பிறந்தநாளுக்கு அவள் பெயரைச் சுற்றி மல்லிகைக் கொடி ஓடுகிற மாதிரி தைத்தேன். இருபது நாள் வேலை. கடைசி நாள் அவசரத்தில் பிரேம் போடக் கொடுத்தபோது, கடைக்காரர் துணியின் பின்பக்கம் முழுக்கப் பசை தடவி அட்டையில் ஒட்டிவிட்டார். ஒரு வருடத்துக்குள் வெள்ளைத் துணியில் பழுப்புத் திட்டுகள். பிரித்தெடுக்கவும் வழியில்லை. அந்த வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்தால் மனசு வலிக்கும்.

இத்தனை வருடத்தில் நான் பார்த்தவரை, தையலில் வருகிற சின்னக் கோணலை யாரும் கவனிப்பதில்லை. பரிசைக் கெடுப்பவை தைக்கத் தொடங்குவதற்கு முன்பும் முடித்த பின்பும் செய்கிற தவறுகள்தான்.

முதல் தவறு, கடையில் வாங்கிய துணியை நனைக்காமல், அதை இழுத்துப் பிடிக்கிற தையல் வளையத்தில் மாட்டுவது. காடாவும் லினனும் தண்ணீர் பட்டதும் சுருங்கும். தைத்து முடித்துத் துவைக்கும்போது துணி சுருங்கி, நூல் சுருங்காமல் நின்றால் பூவெல்லாம் உப்பிக்கொள்ளும். ஆகவே ஓர் இரவு ஊறவைத்து, காயவைத்து, இஸ்திரி போட்டுத் தொடங்குங்கள். சிவப்பு, மெரூன் நூல்களில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பாருங்கள். சாயம் இறங்கினால் அந்த நூல் வேண்டாம். நான்கு பக்கமும் மூன்று அங்குலம் கூடுதல் துணி விடுங்கள். இதை மறந்தவர்களுக்குப் பிரேம் போடும் நாளில்தான் தெரியும்.

வரைகிற பேனாவிலும் கவனம் வேண்டும். தண்ணீரில் அழிகிற நீலப் பேனாவின் கோட்டை அலசாமல் இஸ்திரி போட்டால் கறை நிலைத்துவிடும். சூட்டில் மறைகிற பேனா இதற்கு நேர்மாறு: கடுங்குளிரில் கோடு திரும்பி வரும். டொராண்டோவில் இருக்கும் தம்பிக்குப் பனிக்காலத்தில் பார்சல் அனுப்புவதாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம்.

இனி பெயர். தமிழ் எழுத்து முழுக்க வளைவும் சுழியும். ‘ழ’வின் கீழ்ச் சுழியை நீளத் தையலில் போட்டால் வளைவு உடைந்து கட்டம் கட்டமாகத் தெரியும். இரண்டு இழை நூலில், இரண்டு மில்லிமீட்டர் அளவுக்குக் குட்டிக் குட்டியாக, காம்புத் தையல் (ஒவ்வொரு தையலும் முந்தையதன் பக்கத்தில் பாதி ஏறி நிற்கிற ஸ்டெம் ஸ்டிட்ச்) போடுங்கள். எழுத்து மிகச் சிறிதானால் ‘ண’வின் சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டி ‘ன’ போலத் தெரியும், ஒன்றரை செ.மீ. உயரத்துக்குக் குறைக்காதீர்கள். புள்ளிக்குப் பிரெஞ்ச் நாட், அதாவது நூலை ஊசியில் சுற்றிப் போடுகிற குட்டி முடிச்சு, அழகு. ஆனால் அது பேனாப் புள்ளியைவிடப் பருமன், எழுத்தின் தலையிலிருந்து கொஞ்சம் தள்ளி வையுங்கள். பெயரை எப்படி எழுதுகிறார்கள் என்று வீட்டில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள், காதில் விழுந்ததை நம்பித் தைக்காதீர்கள்.

நூலை ஒரு முழத்துக்கு மேல் வெட்டினால் சிக்கும், பளபளப்பும் போகும். முடிச்சுகள் பிரேமுக்குள் பரு மாதிரி துருத்தும் என்பதால் நூல் நுனியைப் பின்பக்கத் தையல்களுக்குள் நுழைத்து முடியுங்கள். ஒரு பூவிலிருந்து தள்ளியிருக்கும் இன்னொரு பூவுக்குக் கறுப்பு நூலை இழுத்துக்கொண்டு போனால் வெள்ளைத் துணியில் நிழலாகத் தெரியும். தினமும் வேலை முடிந்ததும் வளையத்தைக் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் அழுக்கு வட்டம் பதியும். இஸ்திரியை, தடித்த துண்டின்மேல் தையலைக் கவிழ்த்து வைத்துப் பின்பக்கமாகப் போடுங்கள்.

பிரேம் விஷயத்தில் பசையும் வேண்டாம், இரட்டைப் பக்க டேப்பும் வேண்டாம். அமிலமில்லாத அட்டையை வாங்கி, துணியை அதன்மேல் நடுவாக வைத்து, நான்கு பக்கங்களின் மையத்திலும் முதலில் குண்டூசி குத்துங்கள். பிறகு பின்பக்கம் மடங்கிய ஓரங்களை, கயிற்றுக் கட்டிலுக்குக் கயிறு கட்டுகிற மாதிரி, கெட்டி நூலால் எதிரெதிரே இழுத்துக் கட்டுங்கள். கோணினால் அவிழ்த்துத் திரும்பக் கட்டலாம். பசையில் அந்த வாய்ப்பே இல்லை. கண்ணாடி தையலைத் தொடக்கூடாது. தொட்டால் நாட் எல்லாம் நசுங்கும், மழைக்காலத்தில் ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கும். தையலுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் மவுண்ட், அதாவது ஜன்னல் மாதிரி நடுவை வெட்டிய அட்டை ஓரம், வைக்கச் சொல்லுங்கள். கடைக்காரர் அவசரப்பட்டாலும் கூடவே நின்று பாருங்கள்.

மூடுவதற்கு முன் பின்பக்க அட்டையில் தைத்த தேதியையும் உங்கள் பெயரையும் நூல்களின் நிற எண்களையும் பென்சிலால் எழுதிவையுங்கள். பத்து வருடம் கழித்து ஓர் இதழ் பிரிந்தால், அதே பச்சையை, அதே ரோஜா நிறத்தைத் தேடி வாங்க அந்த எண்கள் வேண்டியிருக்கும்.