மீன் தொட்டிக்கு ஏற்ற பசை எது?
வீட்டிலேயே கண்ணாடி மீன் தொட்டி செய்பவர்கள், குளியலறைக்கென விற்கப்படும் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலந்த சிலிக்கான் பசையை எக்காரணம் கொண்டும் பயன்படுத்த வேண்டாம். அம்மருந்து நீரில் கசிந்து மீன்களைக் கொன்றுவிடக்கூடும். 100 சதவீத சிலிக்கான் என்பதோடு, மீன் தொட்டிக்கு உகந்தது என்றும் பசைக் குழாயின் மீது அச்சிட்டிருக்கிறதா எனப் பார்த்து வாங்குங்கள். பூசியதும் எழும் வினிகர் நெடி, சிலிக்கான் இறுகும்போது வெளியாகும் அசிட்டிக் அமிலத்துடையது என்பதால் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மேற்பரப்பு விரலில் ஒட்டவில்லை என்பதற்காக உடனே நீர் நிரப்பிவிடாமல், அந்த நெடி முற்றிலும் அகலும் வரை, பூச்சு தடிமனாக இருந்தால் ஒரு வாரம் வரைகூட, பொறுத்திருப்பதே மீன்களுக்குப் பாதுகாப்பு. பழைய சிலிக்கான் மீது புதியது பிடிக்காது. ஒழுகும் இடத்தைப் பிளேடால் முழுவதும் சுரண்டிய பிறகே பூச வேண்டும். மாஸ் எனும் பாசிச் செடிகளைத் தொட்டிக்குள் உள்ள கல்லில் ஒட்டுவதற்குச் சயனோஅக்ரிலேட் (சூப்பர் க்ளூ) ஜெல் போதும்.