சாசரில் தொடங்குங்கள்: இடைக்கால ஆங்கில இலக்கியத்துக்குள் நுழைய ஒரு வழி

காட்பாடி காந்தி நகரில், வீட்டு மாடியில், பி.ஏ. ஆங்கிலப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். குடியாத்தம், அணைக்கட்டுப் பக்கமிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள்தான் அதிகம். இடைக்கால இலக்கியம் என்றதும் 1066, 1348, 1381 என்று மனப்பாடம் செய்ய ஆரம்பித்துவிடுகிறார்கள். அந்த அட்டவணையைக் கொஞ்ச நாள் மூடி வையுங்கள். ஆட்களைப் பிடித்துக்கொண்டால் ஆண்டுகள் பின்னாலேயே வரும்.

முதலில் எடுக்க வேண்டியது பதினான்காம் நூற்றாண்டுக் கவிஞர் ஜெஃப்ரி சாசரின் 'கான்டர்பரி கதைகள்', அதிலும் அதன் பொது முன்னுரை. மொத்தம் 858 வரி. 1170இல் கொலையுண்ட கான்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட்டின் சமாதிக்கு யாத்திரை போகிறவர்கள், தேம்ஸுக்குத் தெற்கே டாபர்ட் என்ற சத்திரத்தில் கூடுகிறார்கள். ஏப்ரல் மழையோடு தொடங்குகிறது. வேலூரில் ஏப்ரல் எப்படி இருக்கும் என்று தெரிந்த பிள்ளைகள் இங்கே சிரிப்பார்கள். அங்கே அது பனிக்காலம் போய்ச் செடி துளிர்க்கிற மாதம்.

வாய்விட்டுப் படியுங்கள். பக்கத்திலேயே தற்கால ஆங்கில உரையும் இருக்கட்டும். எழுத்தை விழுங்காதீர்கள். இன்று 'நைட்' என்கிறோமே, அந்தக் குதிரைவீரன் பெயரில் முதலெழுத்தான 'க்' ஒலித்தது; நடுவே தொண்டையிலிருந்து ஒரு காற்றொலியும் வந்தது. சொல்லின் கடைசியில் நிற்கும் 'ஈ' எழுத்துக்கும் பல இடங்களில் ஓர் அசை உண்டு. அதை விட்டால் வரி நொண்டும்.

அப்புறம் ஒவ்வொரு ஆளாகப் பிடியுங்கள். கன்னிமடத்துத் தலைவி பிரெஞ்சு பேசுகிறாள். ஆனால் லண்டன் பக்கத்து ஸ்ட்ராட்ஃபர்டில் கற்ற பிரெஞ்சு, பாரிஸ் பிரெஞ்சு அவளுக்குத் தெரியாது. இந்தக் கிண்டல் புரிய வேண்டுமானால் 1066 வேண்டும். பிரான்சிலிருந்து நார்மன்கள் வந்து இங்கிலாந்தைப் பிடித்தபின் அரசவையில் பிரெஞ்சு, திருச்சபையில் லத்தீன், தெருவில் ஆங்கிலம். ஆற்காட்டு நவாப் தர்பாரில் பாரசீகம் நடந்த காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற வழக்காடல் ஆங்கிலத்தில் நடக்கட்டும் என்று சட்டம் வந்தது 1362இல்தான்.

மருத்துவர், கொள்ளைநோயில் சம்பாதித்த பொன்னைச் செலவழிக்காமல் பத்திரமாக வைத்திருக்கிறார். ஆஸ்பத்திரி ஊரில் இந்த வரியைச் சொன்னால் வகுப்பே நிமிர்ந்து உட்காரும். அந்த நோய் 1348இல் இங்கிலாந்துக்கு வந்தது. மக்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் கொண்டுபோனது. ஆள் பஞ்சத்தால் கூலி ஏறியது. கூலியை அமுக்க 1351இல் சட்டம் போட்டார்கள். பிறகு தலைவரி. 1381இல் குடியானவர்கள் கிளம்பிவிட்டார்கள். சாசர் அப்போது குடியிருந்தது லண்டன் மதிலின் ஆல்ட்கேட் வாசலுக்கு மேலே. கலகக்காரர்களில் ஒரு கூட்டம் நுழைந்ததும் அந்த வாசல் வழியாகத்தான். ஆனால் மனிதர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை, ஒரு சேவல் கதையில் போகிறபோக்கில் சொன்னதைத் தவிர. சம்பளம் வாங்கும் அரசாங்க சுங்க அதிகாரி வேறு என்ன செய்வார்!

பன்றி எலும்பைப் புனிதரின் எலும்பு என்று காட்டிக் காசு பறிக்கும் பாவமன்னிப்பு வியாபாரியை நீங்களே தேடிப் பிடியுங்கள்.

அடுத்து நாடகங்கள். திரௌபதி அம்மன் கோயிலில் விடிய விடியப் பாரதக் கூத்து பார்த்தவர்களுக்கு இது சுலபம். யார்க் நகரில் பைபிள் கதை முழுவதையும் வண்டிகளில் ஏற்றி, தெருத்தெருவாக நிறுத்தி, ஒரே நாளில் ஆடினார்கள். தொழில்வாரியாகப் பங்கு பிரித்திருந்தார்கள்: நோவாவின் பேழையைக் கட்டும் காட்சி கப்பல் தச்சர்களுக்கு, கடைசி இராவுணவு ரொட்டி சுடுகிறவர்களுக்கு. சிலுவையில் அறையும் காட்சி ஆணி, ஊசி செய்கிறவர்களுக்கு. யோசித்துப் பங்கு போட்டவன் கெட்டிக்காரன்.

இதற்கெல்லாம் பிறகுதான் 'பேவுல்ஃப்' என்ற வீரகாவியம். அது சாசருக்கும் முந்தைய பழைய ஆங்கிலம், மொழிபெயர்ப்பில் படித்தால் போதும். ஆனால் ஒலிப்பதிவு ஒன்றைக் கேளுங்கள். வரியின் இரு பாதிகளையும் மோனை கட்டுவது தமிழ்க் காதுக்கு உடனே பிடிபடும். எதுகை, இயைபு தேடாதீர்கள். 3182 வரி, பிழைத்தது ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி. 1731 தீயில் அதன் ஓரங்கள் கருகின.

மாலரியின் ஆர்தர் மன்னன் கதைகளை, காக்ஸ்டன் 1485இல் அச்சிட்டது, செமஸ்டர் லீவுக்கு வைத்துக்கொள்ளுங்கள். ரொம்ப நீளம். அதற்கு முன்னால் ஆர்தரின் வீரன் ஒருவனைப் பற்றிய 'கவெய்னும் பச்சை வீரனும்' கவிதையை முடித்துவிடுங்கள், இரண்டு சாயங்காலத்தில் முடியும்.