அமானிதம்: ‘அப்புறம் வைத்துவிடலாம்’ என்ற நினைப்பில் நேரும் தவறுகள்

அமானிதம், அதாவது நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டதைப் பேணுவது என்றால் அடுத்தவர் பொருளைத் திருடாமல் இருப்பது என்றுதான் நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். ஆனால் திருடும் எண்ணமே இல்லாத நல்ல மனிதர்கள்தான் இதில் அதிகம் சறுக்குகிறார்கள். கையில் இருப்பது தன்னுடையதல்ல என்பதைக் கொஞ்ச நேரம் மறந்துவிடுவதில்தான் சறுக்கல் தொடங்குகிறது.

ஒருவர் உங்களிடம் ஒரு கவரைக் கொடுத்து, ‘ஜகாத் பணம், இன்னாரிடம் சேர்த்துவிடுங்கள்’ என்கிறார். (ஜகாத் என்பது வசதியுள்ளவர்கள் கட்டாயமாகக் கொடுக்க வேண்டிய தர்மம்.) அன்றைக்குப் பார்த்து உங்களுக்கு ஓர் அவசரச் செலவு. சம்பளம் வர இரண்டே நாள்தான். கவரைப் பிரித்து எடுத்துச் செலவழிக்கிறீர்கள். மூன்றாம் நாள் அதே தொகையை வைத்து ஒட்டி, உரியவரிடம் கொடுத்தும் விடுகிறீர்கள். ஒரு காசு குறையவில்லை. கொடுத்தவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது. சரி, இதில் என்ன தவறு?

மார்க்கச் சட்டம் இதை எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்தால் புரியும். பாதுகாக்கக் கொடுத்த பொருள், வைத்திருப்பவரின் கவனக்குறைவு இல்லாமல் தொலைந்துபோனால் அவர் ஈடு தர வேண்டியதில்லை. அனுமதி கேட்காமல் எடுத்துப் பயன்படுத்திவிட்டாலோ அந்தச் சலுகை போய்விடுகிறது. ஈடு தரும் பொறுப்பு அவர் தலையில் வந்து விழுகிறது. திருப்பி வைத்தது நல்லதுதான். ஆனால் கேட்காமல் எடுத்தது எடுத்ததுதான். அந்த இரண்டு நாளில் மவுத் (மரணம்) வந்திருந்தால் அந்தப் பணத்தின் கதை யாருக்குத் தெரியும்?

நபித்தோழர் ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) இதை எவ்வளவு நேர்மையாகக் கையாண்டார் என்பது புகாரி என்ற நபிமொழித் தொகுப்பில் பதிவாகியிருக்கிறது. அமானிதமாக வைத்திருக்கும்படி யாராவது பணம் கொண்டுவந்தால், ‘வேண்டாம், இது கடனாக இருக்கட்டும், தொலைந்துவிடுமோ என்று அஞ்சுகிறேன்’ என்பார். அமானிதம் தொலைந்தால் நஷ்டம் கொடுத்தவருக்கு. கடன் என்றால் தொலைந்தாலும் திருப்பித் தந்தாக வேண்டும். அந்தச் சுமையை அவரே கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஹிஜ்ரி 36இல் அவர் இறந்தபோது கணக்குப் பார்த்தால் கடன் 22 லட்சம். கையில் தீனாரும் இல்லை, திர்ஹமும் இல்லை; நிலங்களும் வீடுகளும்தான் இருந்தன. மகன் அப்துல்லாஹ் (ரலி) சொத்தை விற்றுக் கடனை அடைத்தார். மற்ற வாரிசுகள் பங்கைக் கேட்டபோதும் உடனே பிரிக்கவில்லை. நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில், ‘ஸுபைரிடம் யாருக்காவது கடன் இருந்தால் வாருங்கள், தருகிறோம்’ என்று அறிவித்த பிறகுதான் பங்கு பிரித்தார். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனத்துவிடும். நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு வாப்பாவின் கடன் பட்டியல் தெரியும்?

இங்கே நடக்கும் அடுத்த தவறு, ‘நமக்குள் என்ன எழுத்து?’ என்று விட்டுவிடுவது. எழுதச் சொன்னால் நம்பிக்கையைச் சந்தேகிப்பதாக நினைத்து முகம் சுளிக்கிறோம். ஆனால் குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் (2:282) தொழுகையைப் பற்றியதோ நோன்பைப் பற்றியதோ அல்ல. கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. தொகை சிறிதானாலும் பெரிதானாலும் எழுதச் சலிப்படையாதீர்கள் என்கிறது அது. நினைவு தவறும், மரணம் வரும். எழுத்து இரு தரப்பையும் காப்பாற்றும்.

‘அவன் என்னை ஏமாற்றினான், அதனால் அவன் பொருளை நான் வைத்துக்கொண்டேன்’ என்பதையும் அடிக்கடி கேட்கிறோம். ‘உன்னை நம்பி ஒப்படைத்தவரிடம் அமானிதத்தைத் திருப்பிக் கொடு, உனக்கு மோசடி செய்தவருக்கு நீ மோசடி செய்யாதே’ என்பது நபிமொழி (அபூதாவூத், திர்மிதி). கி.பி. 622இல் நபி (ஸல்) அவர்களைக் கொல்லத் திட்டமிட்ட அதே மக்காவினரின் பொருள்கள் நபியவர்களின் வீட்டில்தான் இருந்தன. ஊரைவிட்டுப் புறப்படும் அந்த நெருக்கடியிலும், அவற்றை உரியவர்களிடம் ஒப்படைத்துவிட்டு வரும்படி அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். எட்டு ஆண்டு கழித்து மக்கா கைக்கு வந்தபோது கஅபாவின் சாவியை, அதுவரை அதை வைத்திருந்த உஸ்மான் இப்னு தல்ஹாவிடமே திருப்பிக் கொடுத்தார்கள். அமானிதங்களை உரியவர்களிடம் ஒப்படைக்கச் சொல்லும் 4:58 வசனத்தோடு இந்த நிகழ்ச்சியைத் தஃப்ஸீர்கள் (குர்ஆன் விரிவுரைகள்) சேர்த்துச் சொல்கின்றன. ‘அவர்கள் நம் ஆள்கள் இல்லையே’ என்ற சாக்கைக் குர்ஆனின் 3:75 வசனம் கண்டிக்கிறது.

பொருள் மட்டுமல்ல, பேச்சும் அமானிதம்தான். ஒருவர் ஒன்றைச் சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தால் அது அமானிதம் என்கிறது ஹதீஸ் (நபிமொழி). ‘யாரிடமும் சொல்லாதே’ என்று வாய்விட்டுச் சொல்லக்கூட வேண்டாம், அந்தப் பார்வையே போதும். இன்று வாட்ஸப்பில் ஒருவர் மனம் நொந்து அனுப்பிய செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்து இன்னொருவருக்குத் தட்டிவிடுகிறோம்.

பொறுப்பு விஷயத்தில் நாம் செய்யும் தவறு வேறு மாதிரியானது. நல்லவர், தொழுகையாளி என்பதற்காகவே ஒருவரிடம் கணக்கையும் நிர்வாகத்தையும் ஒப்படைக்கிறோம். அபூதர் (ரலி) நபித்தோழர்களில் பற்றற்ற வாழ்வுக்குப் பெயர் பெற்றவர். அவர் பதவி கேட்டபோது நபி (ஸல்) அவர் தோளில் தட்டி, ‘நீர் பலவீனமானவர், இதுவோ அமானிதம்’ என்றார்கள் (முஸ்லிம்). அவரது ஈமானில் (இறைநம்பிக்கையில்) குறை சொல்லவில்லை. வேலைக்கு வலிமையும் வேண்டும், நம்பகமும் வேண்டும். மூஸா (அலை) அவர்களை வேலைக்கு வைக்கச் சொன்ன பெண்ணும் இந்த இரண்டையும்தான் சொன்னார் (28:26).

பதவிக்கு வந்த பிறகு வரும் அன்பளிப்பு இன்னும் வழுக்கலான இடம். ஜகாத் வசூலித்து வந்த ஒருவர், ‘இது உங்களுக்கு, இது எனக்கு அன்பளிப்பாக வந்தது’ என்று பிரித்துக் காட்டினார். ‘தாய் தகப்பன் வீட்டில் உட்கார்ந்திருந்து, அன்பளிப்பு வருகிறதா என்று பார்த்திருக்கக் கூடாதா?’ என்று கேட்டார்கள் நபி (ஸல்) அவர்கள். அந்த நாற்காலியில் நான் இல்லாவிட்டால் இது வருமா? பரிசு வரும்போது கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி அதுதான்.

ஏற்கெனவே தவறிவிட்டவர்கள் என்ன செய்வது? தவ்பா (இறைவனிடம் பாவமன்னிப்புத் தேடுவது) மட்டும் போதாது, பொருள் உரியவரிடம் போய்ச் சேர வேண்டும். அவர் இறந்திருந்தால் வாரிசுகளிடம் கொடுக்க வேண்டும். நேரில் சொல்ல வெட்கமாக இருந்தால், பெயர் சொல்லாமலாவது அவர் கைக்குக் கிடைக்கச் செய்யலாம். எவ்வளவு தேடியும் ஆளே கிடைக்காவிட்டால், அவர் பெயரில் தர்மம் செய்துவிடலாம் என்று அறிஞர்கள் பலர் சொல்கிறார்கள். பிறகு என்றாவது அவர் வந்து நின்று, ‘எனக்கு என் பணம்தான் வேண்டும்’ என்றால், நம் கையிலிருந்து மறுபடி எடுத்துக் கொடுக்க வேண்டும். செய்த தர்மத்தின் நன்மை அப்போது நமக்கு.