ஹார்பகோனைப் போடியாராக்குவது: மூன்று கமரா, ஒரே மூச்சு

பிரெஞ்சு நாடகாசிரியர் மொலியரின் ‘கருமி’ (1668) ஐந்து அங்கம், முழுக்க உரைநடை. கருமியின் பெயர் ஹார்பகோன். கதை ஒரே வீட்டில், ஒரே நாளில் முடிந்துவிடும். வீடியோ நாடா 1956இல் வருமுன் தொலைக்காட்சி நாடகங்கள் பெரும்பாலும் நேரலையாகவே போயின. பிழைத்தால் திருப்பி எடுக்க வழியில்லை. அந்த முறையில் மட்டக்களப்பில் ஒரு மண்டபத்தில் 50 நிமிடத்துக்கு எடுக்க இதைவிடத் தோதான பிரதி கிடையாது.

முதலில் வெட்டு. தொடக்கக் காதல் பேச்சை ஒரு நிமிடமாக்குங்கள். தரகி ஃப்ரோசினின் முகத்துதியை எடுக்க மனம் வராது, ஆனாலும் எடுங்கள். வேலைக்காரனைச் சோதிப்பது, ஒரே ஆள் சமையல்காரனும் வண்டிக்காரனுமாக வருவது, பணம் போன புலம்பல், பெட்டியா பெண்ணா என்ற குழப்பம் நான்கும் நிற்கட்டும். கடைசியில் வேறொரு தகப்பன் தொலைந்த தன் பிள்ளைகளை அடையாளம் காணும் பேச்சில் 60 வினாடியைப் பென்சிலால் கட்டமிட்டு வையுங்கள். நேரம் ஓடிவிட்டால் அதை விட்டுவிடலாம். பிரதியை உரக்க வாசித்தே நேரம் பாருங்கள். மனதுக்குள் வாசித்தால் எப்போதும் குறைவாகத்தான் காட்டும்.

பாத்திரங்களை இடம் மாற்றுவது லேசு. ஹார்பகோன் போடியார், அதாவது வயல்காணி நிறைய உள்ளவர். அவர் மகளைக் காதலித்து அந்த வீட்டிலேயே வேலைக்கு நிற்கும் வலேர் முல்லைக்காரன், வயலை மேற்பார்க்கிறவன். மகளைக் கட்டப்போகிறவர் சீதனம் கேட்கவில்லை என்பதை ஹார்பகோன் திரும்பத் திரும்பச் சொல்லிப் பூரிப்பார். வீடும் வளவும் பெண்ணுக்கு எழுதுகிற ஊரில் “சீதனம் இல்லாம!” என்பதற்கு விளக்கமே தேவையில்லை.

சிக்கல் ஐந்தாம் அங்கத்தில். வலேர் மகளைப் பற்றிப் பேச, போடியார் பணப்பெட்டி என்று எடுத்துக்கொள்கிறார். பிரெஞ்சில் பெட்டியும் பெண்பால் என்பதால் ஒரே சுட்டுச்சொல் இரண்டுக்கும் பொருந்தும். தமிழில் “அவள்” என்று எழுதிய வரியிலேயே குட்டு உடைந்துவிடும். ஏட்டுத் தமிழை விட்டுப் பேச்சுக்கு வந்தால் தீர்ந்தது: “புள்ள” என்றால் “அது” என்றுதானே சொல்கிறோம்? “அதத் தொட்டியா?” “நான் தொடுவனா, போடியார்!” என்று ஓடட்டும். “உங்கட செல்வம்” என்பதும் உதவும். இங்கே இரண்டு முகமும் ஒரே படச் சட்டத்தில் இருக்க வேண்டும். ஒருவரை மட்டும் காட்டினால் மற்றவர் தவறாக விளங்கிக்கொள்வது தெரியாது.

30 அடிக்கு 20 அடி தரையில் உள்வீடும் முற்றமும் பக்கத்துப் பக்கத்தில். ஒன்றாம் கமரா இடது, மூன்றாவது வலது. கேபிள்கள் ஒன்றையொன்று தாண்டக்கூடாது. பழைய தொலைக்காட்சிப் படச் சட்டத்தின் அகலமும் உயரமும் 4:3. நடிகர்களை அகலத்தில் நிரைப்படுத்தாமல் முன்னும் பின்னுமாக நிறுத்தி, நிற்குமிடத்தைத் தரையில் டேப் ஒட்டிக் குறியுங்கள். கூத்தாடிப் பழகியவர்கள் வட்டக்களரியின் நான்கு பக்கத்துக்கும் திரும்புவார்கள், குரலையும் தூக்குவார்கள். இரண்டையும் ஒத்திகையிலேயே அடக்க வேண்டும்.

நான்காம் அங்கப் புலம்பலில் மட்டும் அந்தப் பழக்கத்தை லென்ஸுக்குத் திருப்புங்கள். அவர் தன் கையையே திருடன் கையென்று பிடிப்பதால் இடுப்புவரை காட்டுங்கள், முகம் மட்டும் போதாது. பிறகு சபையைப் பார்த்து “சிரிக்கிறாங்க” என்பதை நேரே இரண்டாம் கமராவுக்குச் சொல்லட்டும். இடையில் வேறு கமராவுக்குப் போகாதீர்கள். அந்த இரண்டு நிமிடத்தில்தான் மற்ற இரண்டு கமராவையும் சத்தமில்லாமல் ஐந்தாம் அங்கத்துக்கு நகர்த்துவீர்கள்.

மேடையில் சிரிப்புக்கு விடும் இடைவெளி இங்கே வெறுமையாகத் தெரியும். அதை மூடுங்கள், அல்லது கேட்பவரின் முகத்தைக் காட்டுங்கள். கறுப்பு-வெள்ளையில் எடுத்தால் பளிச்சென்ற வெள்ளை வேட்டி வெளிறும். தேயிலைச் சாயத்தில் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள். சிவப்புச் சேலையும் பச்சைச் சுவரும் ஒரே சாம்பலாகிவிடலாம், கமராவிலேயே பார்த்துத் தெரியுங்கள். மின்விசிறி ஒலிவாங்கியில் இரையும், நிறுத்தத்தான் வேண்டும். வியர்க்கும். ஒருவர் பவுடரோடு முற்றத்துப் பக்கம் நிற்கட்டும்.