கத்திரி வெயிலில் வரும் ‘காய்ச்சல்’: கடலூர் ஓ.பி. செவிலியர்களுக்கு

கடலூர் வெயிலோடு கடலின் ஈரமும் சேர்ந்தே வரும். வியர்வை வழியும், ஆனால் உலராது. உலராத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. பருவநிலை மாற்றம் ஓ.பி. (வெளிநோயாளிப் பிரிவு) மேசைக்கு வருவது பெரும்பாலும் இந்தப் புழுக்கத்தின் வழியாகத்தான், காய்ச்சல் போலத் தெரியும் வெப்பவாதமாக (ஹீட் ஸ்ட்ரோக்).

மே மாதத்தில் ஒருவரைத் தாங்கிப் பிடித்து வந்து “காய்ச்சல் சிஸ்டர்” என்றால் முதலில் கேட்க வேண்டியது இரண்டு: காலையிலிருந்து எங்கே இருந்தார்? பேச்சு எப்போது குளற ஆரம்பித்தது? பண்ருட்டிப் பக்கம் முந்திரிக்கொட்டை பொறுக்கியவர், தகரக் கொட்டகையில் கொட்டை வறுத்தவர், தளம் போட்டவர் என்றால் உஷார். ஆஸ்பெஸ்டாஸ் கூரையடியில் படுத்தே கிடந்த பாட்டியையும் விட்டுவிடக் கூடாது. “வெயிலுக்கே போகல” என்று வீட்டார் சொல்வதை நம்பி ஏமாறுவது இங்கேதான். நீர் மாத்திரையோ (சிறுநீரைக் கூட்டுவது) மனநல மாத்திரையோ சாப்பிடுகிறவரா என்று கேட்டு டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

நெற்றியில் காட்டும் கருவி வியர்த்த தோலில் குறைத்துக் காட்டும். அக்குளும் நம்பத்தக்கதல்ல. மலக்குடலில் பாருங்கள். 104 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டு, கூடவே குழப்பமோ வலிப்போ மயக்கமோ இருந்தால் வெப்பவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். உழைத்து விழுந்தவருக்கு உடம்பு நனைந்தே இருக்கும், ‘வியர்க்கிறதே’ என்று ஒதுக்காதீர்கள். சுகரையும் பார்த்துவிடுங்கள், லோ சுகரும் இதே வேஷம் போடும்.

பாராசிட்டமால் இதற்கு வேலை செய்யாது. காய்ச்சலில் மூளையே சூட்டை ஏற்றி வைக்கிறது, அதை மாத்திரை இறக்கும். இங்கே சூடு வெளியேற வழியில்லாமல் தேங்கியிருக்கிறது. மாத்திரையால் ஈரலுக்குத்தான் சுமை.

108-ஐக் கூப்பிட்டுவிட்டு, வண்டிக்குக் காத்திராமல் குளிர்விக்கத் தொடங்குங்கள். முதல் 30 நிமிடம்தான் கணக்கு. நம் ஊர்ப் புழுக்கத்தில் ஈரத்துணியும் ஃபேனும் மட்டும் மெதுவாகத்தான் வேலை செய்யும். ஒரு தார்ப்பாயில் ஆளைக் கிடத்தி, ஓரங்களை நாலு பேர் தூக்கிப் பிடிக்க, ஐந்தாறு குடம் தண்ணீரும் ஐஸும் கொட்டி அலசுங்கள். மீனுக்குப் போடும் ஐஸ் போதும், குடிக்கவா போகிறார்? ஒருவர் தலையைத் தாங்கியே இருக்க வேண்டும். தார்ப்பாய்க்கு வழியில்லையென்றாலும், முதியவர், இதய நோயாளி என்றாலும் ஐஸ் தண்ணீரில் நனைத்த துண்டுகளை உடம்பெல்லாம் போட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். துண்டு சூடேறிய பிறகும் விட்டுவைத்தால் அது போர்வைதான். 102-க்கு இறங்கியதும் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் உடம்பு அளவுக்கு மீறிக் குளிர்ந்துவிடும்.

நினைவு தெளிவாக இல்லாதவர் வாயில் ஒரு சொட்டுகூட ஊற்றக் கூடாது. தெளிவாக இருப்பவருக்கு ஓ.ஆர்.எஸ்.: 20.5 கிராம் பாக்கெட் முழுவதும் ஒரு லிட்டர் தண்ணீரில். ஒரு டம்ளரில் பாதிப் பாக்கெட்டைக் கொட்டிக் கலக்குவது வீடுகளில் நடக்கும் தவறு. உப்பும் சர்க்கரையும் கூடி நிலைமை மோசமாகும்.

சீட்டு எழுதும் இடத்தில்தான் பலரும் சறுக்குகிறோம். தமிழ்நாட்டில் வெப்ப அலை 2024-இல் மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது; இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. சீட்டில் ‘காய்ச்சல்’ என்று மட்டும் இருந்தால் அந்தக் குடும்பம் எதைக் காட்டும்? இப்படி எழுதுங்கள்: “பகல் 2.10, மலக்குடல் 105.2, குழப்பம், காலை 7 முதல் முந்திரித் தோப்பில் வேலை, 2.15-க்கு ஐஸ் தண்ணீர், 2.35-க்கு 102.”