யூனிஸ் ஃபுட்டின் 1856 சோதனையை வீட்டில் செய்ய

வெயிலில் காற்றைவிடக் கரியமில வாயு அதிகம் சூடேறுவதை அளந்து காட்டியவர் அமெரிக்கப் பெண் யூனிஸ் ஃபுட். ஆல்பனி நகரில் நடந்த அறிவியல் மாநாட்டில் அவர் கட்டுரையை வாசித்ததோ ஜோசப் ஹென்றி என்ற விஞ்ஞானி. இந்த ஆய்வில் பின்னால் வந்த இயற்பியலாளர் ஜான் டிண்டாலின் பெயரே நிலைத்தது.

ஒரே மாதிரி 1 லிட்டர் கண்ணாடிப் பாட்டில் இரண்டு, வெப்பமானி இரண்டு வேண்டும். தனிக் குப்பியில் 1 மேசைக்கரண்டி சமையல் சோடா, 200 மி.லி. வினிகர்; வரும் வாயுவைக் குழாய் வழியே ஒரு பாட்டிலின் அடிவரை விடுங்கள். வாயருகே தீக்குச்சி அணைந்தால் நிறைந்துவிட்டது. நுரை புகவிடாதீர்கள்: ஈரக்காற்றும் கூடுதலாகச் சூடேறும், அதுவும் ஃபுட் கண்டதே.

மற்ற பாட்டிலில் வெறும் காற்றே இருக்கட்டும். இரண்டிலும் வெப்பமானி வைத்து மூடி, 20 நிமிடம் வெயிலில் வையுங்கள். அவருக்குக் கிடைத்தது கரியமில வாயுவில் 125, காற்றில் 106 ஃபாரன்ஹீட்; உங்களுக்கு வித்தியாசம் குறையலாம். நீள அலை அகச்சிவப்பை (வெப்பக் கதிரை) கண்ணாடி தடுப்பதால், இங்கே வாயுவின் அடர்த்திக்கும் பங்குண்டு.