டிக்கெட்ல போட்ட டைமை நம்பாம பட்ஜெட் ஃப்ளைட்ல போறது எப்படி

நாப்பது நிமிஷம் லேட்டா கிளம்புற ஃப்ளைட், இறங்கும்போது மட்டும் "சரியான நேரத்துக்கு வந்து சேர்ந்துட்டோம், எங்களோட பயணம் செஞ்சதுக்கு நன்றி"ன்னு மைக்ல அறிவிப்பு வரும், கேக்கிறவங்களுக்கு நம்ம வாட்ச்தான் தப்போன்னு ஒரு நிமிஷம் சந்தேகமே வந்துடும். வாட்ச் சரியாதான் இருக்கு. அந்த நாப்பது நிமிஷத்தை டைம்டேபிள் போடும்போதே உள்ள ஒளிச்சு வெச்சுட்டாங்க, அவ்ளோதான் விஷயம். அயர்லாந்து பட்ஜெட் ஏர்லைன் ரயன்ஏர், நேரத்துக்கு இறங்கினா எக்காளம் ஊதுற ரெக்கார்டிங்கே போட்டு கைதட்ட வெச்ச கம்பெனி, அந்தளவுக்கு இதுல பெருமை.

திட்டி பிரயோஜனம் இல்ல, திட்டிட்டு அடுத்த தடவையும் விலை பாத்து அதையேதான் புக் பண்ணுவோம். அதனால அவங்க டைம்டேபிளை எப்படி படிக்கிறது, நமக்குன்னு ஒரு டைமை எப்படி கணக்கு போட்டுக்கிறது, அதை மட்டும் பாக்கலாம்.

முதல்ல டிக்கெட்ல இருக்கிற ரெண்டு டைமுக்கும் என்ன அர்த்தம்னு தெரிஞ்சுக்கணும். கிளம்புற டைம்னா விமானம் மேல ஏறுற டைம் இல்ல, நின்ன இடத்துலேர்ந்து நகர ஆரம்பிக்கிற டைம். வந்து சேர்ற டைம்னா ரன்வேல சக்கரம் தொடுற டைம் இல்ல, வந்து நிறுத்தி பிரேக் போடுற டைம். இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுக்கு பிளாக் டைம்னு பேரு. கதவை மூடி சரியான நேரத்துக்கு பின்னாடி தள்ளிட்டு, அப்புறம் ரன்வே வரிசைல முக்கால் மணி நேரம் உக்கார வெச்சாலும் கணக்குல அது "நேரத்துக்கு கிளம்பின ஃப்ளைட்"தான். இன்னொண்ணு, இந்தத் தொழில்ல ஆன்-டைம்னா 15 நிமிஷத்துக்குள்ளன்னு அர்த்தம். 14 நிமிஷம் லேட்டா வந்தா அது லேட்டே இல்ல. அமெரிக்க போக்குவரத்துத் துறை மாசாமாசம் வெளியிடுற கணக்கும் இந்த அளவுகோல்தான். அதனால விளம்பரத்துல இத்தனை சதவீதம் ஆன்-டைம்னு பாத்தா, எதை விட லேட் இல்லன்னு கேட்டுக்கணும், அவங்களே எழுதின டைமை விட லேட் இல்ல, அவ்ளோதான்.

சரி, ஏன் டைமை இழுத்து வெக்கிறாங்க? எல்லாமே பித்தலாட்டம்னு சொல்ல மாட்டேன். ரன்வே நெரிசல் இருக்கு, நிறுத்த இடம் கிடைக்காம சுத்த வேண்டி வரும், உயரத்துல அடிக்கிற மேற்குக் காத்து குளிர்காலத்துல பலமா இருக்கும்போது மேற்கு நோக்கி போற ஃப்ளைட்டுக்கு நிஜமாவே அதிக நேரம் ஆகும், அதே ரூட்ல திரும்பி வர்றப்போ சீக்கிரம் வந்துடும். போன வருஷம் இதே சீசன்ல இந்த ரூட்ல எவ்ளோ நேரம் ஆச்சுன்னு பழைய கணக்கை எடுத்து, பத்துல ஆறு தடவை நேரத்துக்கு வர்ற மாதிரி வெக்கலாமா எட்டு தடவை வர்ற மாதிரி வெக்கலாமான்னு முடிவு பண்ணுவாங்க. எட்டுன்னு வெச்சா நிமிஷம் கூடும், ஆன்-டைம் சதவீதமும் கூடும்.

பட்ஜெட் ஏர்லைன்ல இதுல ஒரு முரண்பாடு இருக்கு. விமானம் தரைல நிக்கிற ஒவ்வொரு நிமிஷமும் அவங்களுக்கு நஷ்டம், அதனால இறக்கி ஏத்தி திருப்பி அனுப்புறதுக்கு 25, 30 நிமிஷம்தான் வெப்பாங்க. இந்த வெறி 1972லயே ஆரம்பிச்சது, அமெரிக்காவோட சவுத்வெஸ்ட் ஏர்லைன் கம்பெனி காசு இல்லாம நாலு விமானத்துல ஒண்ணை வித்துட்டு, மூணை வெச்சு நாலோட டைம்டேபிளை ஓட்டணும்னு பத்தே நிமிஷத்துல விமானத்தை திருப்பிக் காட்டினாங்க. இன்னைக்கு ஒரு விமானம் ஒரே நாள்ல நாலு, ஆறு ட்ரிப் அடிக்கும். தரைல மூச்சு விட இடமே வெக்காம, பறக்கிற நேரத்துல கொஞ்சம் கொஞ்சமா கூடுதல் நிமிஷத்தை பஞ்சு மாதிரி திணிச்சு வெக்கிறாங்க. காலைல ரெண்டு ட்ரிப்புக்கு அது தாங்கும். மதியத்துக்கு மேல ஒரு சின்ன தடங்கல் வந்தாலும் பஞ்சு மொத்தமும் தீந்துடும், அப்புறம் லேட்டு மேல லேட்டு ஏறிக்கிட்டே போகும். தொழில்ல ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு கோட் நம்பர் உண்டு, "முந்தின ட்ரிப்லேர்ந்து விமானம் லேட்டா வந்துச்சு"ங்கிறதுக்கு 93. ஆபரேஷனல் ரீசன்னு சொல்லி மழுப்புறதுல பாதி இந்த 93தான்னு எனக்கு ஒரு சந்தேகம்.

என் அபிப்பிராயம் என்னன்னா, டைமை இழுத்து வெச்சது தப்பில்ல, நேர்மையா இழுத்து வெச்சா நமக்கும் நல்லதுதான், கூட்டிட்டு போக வர்றவங்க காத்துக்கிட்டு நிக்க வேண்டாம். இழுத்தும் வெச்சுட்டு அதுக்கும் மேல லேட்டா வர்ற ரூட் இருக்கு பாருங்க, அதைத்தான் கண்டுபிடிச்சு ஒதுக்கணும்.

கண்டுபிடிக்கிறது எப்படி

ரெண்டு ஊருக்கும் நடுவுல நேர்கோட்டு தூரம் எத்தனை கிலோமீட்டர்னு ஏதாவது மேப்ல பாருங்க. அதை 800ஆல வகுங்க, மணிக்கணக்கு வரும், அதோட ஏறி இறங்குறதுக்கும் தரைல உருள்றதுக்கும் ஒரு முப்பது நிமிஷம் சேருங்க. 1,000 கிலோமீட்டர்னா ஒண்ணேகால் மணி நேரமும் அரை மணி நேரமும் சேர்ந்து 1:45. டிக்கெட்ல 2:20ன்னு போட்டிருந்தா அரை மணி நேரத்துக்கு மேல பஞ்சு. ரொம்ப நெரிசலான ஏர்போர்ட்டா இருந்தா கூட பத்து, பதினஞ்சு நிமிஷம் மன்னிச்சு விடுங்க. இது தோராயம்தான், ஜெட் விமானத்துக்கு மட்டும், ப்ரொப்பெல்லர் வெச்ச ஏடிஆர் மாதிரி விமானத்துக்கு பொருந்தாது.

அதே ரூட்ல ஓடுற மத்த கம்பெனிங்களோட டைமையும் பக்கத்துல வெச்சு பாருங்க. பெரும்பாலும் எல்லாரும் ஏர்பஸ் 320ஓ போயிங் 737ஓதான் ஓட்டுறாங்க, வேகத்துல பெருசா வித்தியாசம் கிடையாது, ஒருத்தர் 1:50ன்னும் இன்னொருத்தர் 2:20ன்னும் போட்டா அந்த அரை மணி நேரம் பேப்பர்ல மட்டும்தான் இருக்கு. அதுக்காக உடனே 1:50 போட்டவனை புக் பண்ணிடாதீங்க, அவன் உண்மைல எப்போ வர்றான்னு பாத்துட்டு பண்ணுங்க. ஃப்ளைட்ரேடார்24, ஃப்ளைட்அவேர்னு விமானம் எங்க இருக்குன்னு காட்டுற டிராக்கர் சைட் ரெண்டுலயும் ஃப்ளைட் நம்பர் போட்டா சமீபத்து நாட்கள்ல எப்போ கிளம்பிச்சு எப்போ இறங்கிச்சுன்னு வரிசையா வரும். அதுல சராசரி பாக்காதீங்க, மோசமான ரெண்டு மூணு நாளைப் பாருங்க, உங்க பிளான் அந்த நாளைத் தாங்குமான்னு மட்டும் யோசிங்க. அமெரிக்காவுக்குள்ள பறக்கிறவங்களுக்கு இன்னும் சுலபம், பெரிய ஏர்லைன்களோட சைட்லயே ஒவ்வொரு ஃப்ளைட்டோட ஆன்-டைம் சதவீதமும் இருக்கும், பாதிக்கு மேல தடவை அரை மணி நேரத்துக்கும் மேல லேட்டா வந்தா அதுக்கு நாள்பட்ட தாமத ஃப்ளைட்னு தனி முத்திரையே உண்டு.

புக் பண்றப்போ விடியக்காலைல போற முதல் ட்ரிப் கிடைச்சா அதை எடுங்க, தூக்கம் போனா போகட்டும். விமானம் ராத்திரியே அங்க வந்து நின்னிருக்கும், முந்தின ட்ரிப்போட பாவம் அதுக்கு ஒட்டாது. மூடுபனி விழுற சீசன்ல மட்டும் இந்த விதி தலைகீழ். ராத்திரி கடைசி ட்ரிப்பை முடிஞ்சவரை தவிருங்க, நாள் முழுக்க சேர்ந்த லேட் எல்லாம் அது தலைலதான் வந்து விழும், பைலட்டோட டூட்டி நேர வரம்பு தாண்டிட்டா ஆள் மாத்தணும், மாத்த ஆள் இல்லன்னா கேன்சல். சிட்னி மாதிரி ராத்திரி 11 மணிக்கு மேல பொதுவா இறங்க விடாத ஏர்போர்ட்டா இருந்தா கேக்கவே வேணாம்.

தனித்தனி டிக்கெட் எடுத்து ரெண்டு பட்ஜெட் ஃப்ளைட் மாறிப் போறவங்க இங்க ஜாக்கிரதையா இருக்கணும். முதல் ஃப்ளைட் லேட்டானதால ரெண்டாவது போச்சுன்னா ரெண்டாவது கம்பெனிக்காரன் கை விரிச்சுடுவான், அவனைப் பொறுத்தவரை நீங்க வரல, அவ்ளோதான். பெட்டி போட்டிருந்தா அதை எடுத்து திரும்ப செக்-இன் பண்ற நேரமும் இருக்கு. ஹிஸ்டரில பாத்த மோசமான நாளோட லேட்டை எடுத்து, அதுக்கும் மேல ரெண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கன்னு சொல்லுவேன். பரீட்சை, இன்டர்வியூ, விசா அப்பாயின்ட்மென்ட்னா பேசாம முந்தின நாளே போயிடுங்க.

கிளம்புற அன்னைக்கு

இதுதான் ரொம்ப உபயோகமான பகுதி. ஏர்லைன் மெசேஜுக்காக காத்திருக்காதீங்க, உங்க விமானம் இப்போ எங்க இருக்குன்னு நீங்களே தேடுங்க. டிராக்கர்ல உங்க ஃப்ளைட்டை தட்டினா எந்த விமானம் வருதுன்னு அதோட பதிவு எண் காட்டும், பெரும்பாலும் கிளம்புறதுக்கு சில மணி நேரம் முன்னாடியே தெரிஞ்சுடும். அந்த எண்ணை தட்டினா அது இன்னைக்கு எங்கெல்லாம் போச்சு, எவ்ளோ லேட்ல ஓடிக்கிட்டு இருக்குன்னு மொத்த ஜாதகமும் வரும்.

அப்புறம் கணக்கு போடுங்க. விமானம் உங்க ஊர்ல இறங்குற நேரம், அதோட நிறுத்த ஒரு பத்து நிமிஷம், ஆளை இறக்கி ஏத்த அரை மணி நேரம். அதுக்கு முன்னாடி கிளம்ப வாய்ப்பே இல்ல. உதாரணத்துக்கு உங்க ஃப்ளைட் சாயங்காலம் 6:00 மணிக்கு, இப்போ மணி 5:00, போர்டுல 6:30ன்னு காட்டுது, ஆனா உங்க விமானம் இன்னும் அடுத்த ஊர்ல தரைல நிக்குது, அங்கேர்ந்து வர ஒண்ணேகால் மணி நேரம் ஆகும்னு வெச்சுக்கங்க. இந்த நிமிஷமே கிளம்பினாலும் 6:15க்கு இறங்கி, 6:55க்கு முன்னாடி உங்களை ஏத்திக்கிட்டு நகர முடியாது. அப்போ 6:30ங்கிறது பொய்னு உங்களுக்கு இப்பவே தெரியும். அவங்க தவணை முறைல அரை மணி, அரை மணியா சொல்லிக்கிட்டு இருப்பாங்க, மத்தவங்க கேட்ல நின்னுக்கிட்டு இருப்பாங்க, நீங்க போய் உக்காந்து சாப்பிடலாம், வேற ஃப்ளைட் இருக்கான்னு மத்தவங்களுக்கு முன்னாடியே பாக்கலாம்.

ஒரே ஒரு எச்சரிக்கை. திடீர்னு வேற விமானத்தை மாத்தி விட்டு லேட்டை குறைச்சுடுவாங்க. அதனால ஏர்போர்ட்டுக்கு பழைய டைமுக்கே போங்க, பை போடுற கவுன்டரும் பழைய டைமுக்கே மூடிடலாம், உள்ள போனப்புறம் கேட் கண்ணுக்கு தெரியுற தூரத்துலயே இருங்க. லேட்னு மெசேஜ் வந்துச்சேன்னு வீட்டுலயே உக்காந்திருந்து கோட்டை விடுறவங்க இருக்காங்க.

லேட்டானா என்ன கேக்கலாம்

இங்கதான் அந்த பஞ்சு நம்மள நேரடியா கடிக்கும். ஐரோப்பிய யூனியன்லேர்ந்து கிளம்புற எந்த ஃப்ளைட்டுக்கும், வெளியிலேர்ந்து அங்க போற ஐரோப்பிய கம்பெனி ஃப்ளைட்டுக்கும் 261/2004ங்கிற சட்டம் இருக்கு, மூணு மணி நேரமோ அதுக்கு மேலயோ லேட்டா சேர்ந்து, காரணமும் அவங்க கட்டுப்பாட்டுக்குள்ள இருந்தா தூரத்தைப் பொறுத்து 250லேர்ந்து 600 யூரோ வரைக்கும் கேக்கலாம். அந்த மூணு மணி நேரம் டிக்கெட்ல போட்ட டைம்லேர்ந்துதான் எண்ணப்படும், ஆக உள்ள அரை மணி நேரம் பஞ்சு இருந்தா நிஜத்துல மூணரை மணி நேரம் இழுத்தாதான் காசு. ஆனா நமக்கு சாதகமா ஒண்ணு இருக்கு, வந்து சேர்ந்த நேரம்னா சக்கரம் தரை தொட்ட நேரம் இல்ல, இறங்க அனுமதிச்சு ஒரு கதவாவது திறந்த நேரம்னு ஐரோப்பிய நீதிமன்றம் 2014லயே சொல்லிடுச்சு. 2 மணி 55 நிமிஷ லேட்ல தரை தொட்டு, 3 மணி 5 நிமிஷ லேட்ல கதவு திறந்தா நீங்க ஜெயிச்சீங்க. அதனால கதவு திறக்கிறப்போ நேரம் தெரியுற மாதிரி ஃபோன்ல ஒரு ஸ்க்ரீன்ஷாட்டோ ஃபோட்டோவோ எடுத்து வைங்க.

அமெரிக்கால 2024ல வந்த விதிப்படி, உள்நாட்டுல மூணு மணி நேரம், வெளிநாட்டுக்கு ஆறு மணி நேரம் தள்ளிப்போய், நீங்க போக வேண்டாம்னு முடிவு பண்ணினா முழு பணமும் திரும்ப வரணும். ஏறிப் போயிட்டா கிடையாது. இந்தியால விமானப் போக்குவரத்தைக் கண்காணிக்கிற டிஜிசிஏ அமைப்போட விதிப்படி, இரண்டரை மணி நேரத்துக்கு உட்பட்ட ஃப்ளைட் ரெண்டு மணி நேரத்துக்கு மேல லேட்டானா சாப்பாடு, ஆறு மணி நேரத்துக்கு மேல தள்ளிப்போகுதுன்னா வேற ஃப்ளைட்டோ முழு ரீஃபண்டோ. கவுன்டர்ல அவங்களா சொல்ல மாட்டாங்க, விதி பேரைச் சொல்லி கேட்டாதான் கிடைக்கும்.

ரெண்டு வாரம், மூணு வாரம் முன்னாடி "உங்க ஃப்ளைட் நேரம் மாறியிருக்கு, சம்மதமா"ன்னு ஒரு மெயில் வரும் பாருங்க, அதுல இருக்கிற பட்டனை பழக்க தோஷத்துல அமுக்கிடாதீங்க. சம்மதிச்சுட்டா புது டைம்தான் உங்க டைம், அதுக்கப்புறம் ரீஃபண்ட் கேக்க வழியே இல்லாம போகலாம். பல கம்பெனில அதே பக்கத்துல கீழ ரீஃபண்டுக்கோ வேற தேதிக்கு மாத்தவோ இன்னொரு லிங்க் சின்னதா இருக்கும்.

புகார் எழுதுறப்போ கதை வேணாம், அசிங்கமா திட்டவும் வேணாம். ஃப்ளைட் நம்பர், தேதி, புக்கிங் கோட், டிக்கெட்ல போட்ட வந்து சேர்ற நேரம், கதவு திறந்த நேரம், எந்த விதில எவ்ளோ கேக்கிறீங்க, கவுன்டர்ல என்ன காரணம் சொன்னாங்க, இவ்ளோதான். டிராக்கர்ல அன்னைக்கு விமானம் போன வரலாறை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து சேருங்க, அதுவும் அன்னைக்கே எடுங்க, இலவசமா பாக்கிறவங்களுக்கு கொஞ்ச நாள்ல பழைய கணக்கு மறைஞ்சுடும். வானிலைதான் காரணம்னு பதில் வந்தா, அதே நேரத்துல அதே ஏர்போர்ட்லேர்ந்து மத்த ஃப்ளைட் எல்லாம் எப்போ கிளம்பிச்சுன்னு ஒரு பக்கம் எடுத்து பதிலோட அனுப்புங்க. கமிஷன் வாங்கிட்டு வாங்கித் தர்ற ஏஜென்சிங்க கிட்ட முதல் நாளே போகாதீங்க, நேரா கம்பெனியோட ஃபார்ம்லயே போடுங்க, அவங்க மறுத்தா அந்த நாட்டு விமானப் போக்குவரத்து அதிகாரி கிட்ட, அங்கயும் நகரலன்னா அப்போ ஏஜென்சி.